பழைய டீசல் பள்ளிப் பேருந்துக்குப் பதில் மின்சாரப் பேருந்து: திருநெல்வேலியில் மானியம் கிடைக்குமா?

பாளை_அலுவலகம்:
பாளையங்கோட்டை பக்கம் அறக்கட்டளை நடத்தும் பள்ளி எங்களுடையது. இரண்டு டீசல் பஸ்ஸுக்கு 14 வயது ஆகிவிட்டது. நாங்குநேரி வழி ஒரு நடைக்கு 32 கி.மீ., சேரன்மகாதேவி வழி 22. எஃப்சிக்கு முன்னால் தகரம் வெட்டி ஒட்டுகிற செலவு வருஷா வருஷம் ஏறுகிறது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கே நேரடியாகப் பணம் தருகிறார்களாம். இங்கே மத்திய அரசின் மின் வாகன மானியத் திட்டமான பிஎம் இ-டிரைவில் பள்ளி விண்ணப்பிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வண்ணார்பேட்டை:
அண்ணாச்சி, அந்தத் திட்டத்தில் பள்ளிக்கு இடமில்லை. அதில் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய 4,391 கோடியும் 14,028 பஸ்ஸும் 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒன்பது நகரங்களின் பொதுப் போக்குவரத்துக்கானவை. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். பிஎம் இ-பஸ் சேவாவும் நகரப் பேருந்துக்கே. "மானியம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யார் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்கத் திட்டம் அங்கே வந்த 2021 உள்கட்டமைப்புச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு 500 கோடி டாலர். அங்கே 2010 மாடலோ அதற்கு முந்தையதோ ஆன டீசல் பஸ்ஸைக் கழித்தால், இன்ஜின் பிளாக்கில் மூன்று அங்குல ஓட்டை போட்டு, சேஸிஸை அறுத்து, படத்தோடு கணக்கு முடிக்க வேண்டும். பணம் தருகிறவர் யாரானாலும் பழைய வண்டி வேறு ஊரில் ஓடக்கூடாது என்றுதான் பார்ப்பார். நீங்களும் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் (வண்டியை உடைக்க ஒப்படைத்ததற்கான சான்று) வாங்கிவையுங்கள். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் வரி பாக்கி, அபராதம், பைனான்ஸ் குறிப்பு மூன்றும் தீராமல் அந்தச் சான்றிதழ் வேலை நகராது. கடன் அடைத்துப் பல வருஷம் ஆகியும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் நிற்பதுதான் அடிக்கடி வருகிற தடங்கல்.

இங்கே உறுதியாகக் கிடைப்பது: மின்சார பஸ்ஸுக்கும் சார்ஜருக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், டீசல் பஸ்ஸுக்கு 18. பள்ளி உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியை) திரும்ப எடுக்க முடியாது, அதனால் இந்த வித்தியாசம் முழுக்க மிச்சம். 2018 அறிவிக்கைப்படி பர்மிட் தேவையில்லை, 2021 முதல் பதிவுக் கட்டணமும் இல்லை. மின்சார வண்டிக்கான சாலை வரி விலக்கை ரொம்ப நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கல்வி நிறுவன பஸ்ஸுக்கு வரி ஏற்கெனவே குறைவு.

அறக்கட்டளை_ஆலோசனை:
மீதிக்கு சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி)தான் வழி. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. கங்கைகொண்டான் சிப்காட், ராதாபுரம் காற்றாலைகள், தாழையூத்து சிமென்ட் ஆலை என்று நம் மாவட்டத்திலேயே கதவைத் தட்ட இடம் உண்டு.

வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்றும் அறக்கட்டளை பெயரில் வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய சொத்து பதிவு பெற்ற பொது அறக்கட்டளை போன்ற அமைப்பின் பெயரில்தான் இருக்க முடியும். பழைய பஸ் தாளாளர் பெயரில் இருக்கிறதென்று புதியதையும் அப்படியே பதிந்தால் தணிக்கையில் மாட்டும். நிறுவனங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தை ஏப்ரலுக்கு முன்பே வரையத் தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் மனு மேசையில் இருக்கட்டும்.

முழு பஸ்ஸையும் கேட்காதீர்கள். பஸ் கட்டணம் வாங்கும் பள்ளிக்கு எதற்கு இலவச வண்டி என்ற கேள்வி நிச்சயம் வரும். டீசல் பஸ் வாங்க ஆகும் தொகையை நாங்கள் போடுகிறோம், மின்சாரத்துக்கு மாறுவதால் கூடுகிற தொகையை மட்டும் கொடுங்கள் என்று எழுதினால் பேச்சு முன்னேறும்.

ஒர்க்‌ஷாப்_மேலப்பாளையம்:
மனு எழுதுமுன் பேட்டரி அளவைக் குறையுங்கள். கேட்கிற தொகை அங்கேதான் இறங்கும்.

நாங்குநேரி வழியை எடுங்கள். பள்ளியில் நிற்கும் பஸ் காலையில் காலியாகப் போய் ஏற்றி வரும், மாலையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். நாலு நடை, 128 கி.மீ. ஏசி இல்லாத 9 மீட்டர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 0.8 யூனிட் (கிலோவாட்-மணி) வைத்தால் 102 யூனிட். 20 சதவீதம் இருப்பு விட்டு, எட்டு வருஷத்தில் பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கும் என்றும் வைத்தால் 160 யூனிட் பேட்டரி கேட்கும். விற்பனையாளர் இதைத்தான் நீட்டுவார்.

நடுப்பகலில் 9.30 முதல் 3 வரை வண்டி சும்மா நிற்கிறதே. அப்போது ஏற்றினால் ஒரு சார்ஜுக்கு 64 கி.மீ., 51 யூனிட். 80 யூனிட் பேட்டரி போதும். டிரைவர் நாங்குநேரிக்காரர் என்றால் இரவு அங்கேயே நிறுத்துங்கள். மாலை 32, காலை 32, காலி நடையே கிடையாது. ஊரில் சார்ஜரும் வேண்டாம்.

பாளை_அலுவலகம்:
இரண்டு பஸ்ஸுக்கும் ஒரே சார்ஜர் போதுமா? மின் இணைப்பு எவ்வளவு கூட்ட வேண்டும்?

ஒர்க்‌ஷாப்_மேலப்பாளையம்:
இரண்டும் இரவில் ஊரில் நின்றால் நண்பகலில் 51-ம் 35-ம் சேர்த்து 86 யூனிட். 30 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்றில், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பள்ளியிலேயே நிறுத்தினால் அதே அளவு இரவிலும் ஏற்ற வேண்டும். அனுமதி பெற்ற மின்பளுவில் 33 கிலோவாட் கூட்டக் கேளுங்கள். ஒரு ஃபேஸுக்கு 46 ஆம்பியர் வரும். 60 மீட்டர் வரை நாலு கோர் 25 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு கேபிள் தாங்கும். ஏசி சார்ஜர் மலிவு என்று முந்தாதீர்கள், பஸ்ஸுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் இல்லாவிட்டால் அது சுவரில் தொங்கும் பெட்டிதான். கூரையில் 25 கிலோவாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் சுமார் 100 யூனிட் வரும், இந்தத் தேவைக்குச் சரியாக இருக்கும்.

சார்ஜர் மேடையை 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்கள் வளாகத்தில் நின்ற கோட்டுக்கு மேல் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சார்ஜர் கன்னின் (வண்டியில் சொருகும் முனையின்) தலையை மூடியில்லாமல் தொங்கவிட்டால் பின்னுக்குள் ஈரம் ஏறி இன்சுலேஷன் ஃபால்ட் (மின்கசிவுக் கோளாறு) காட்டும், சார்ஜ் தொடங்காது. உலர்ந்த துணியால் துடைத்து, மூடி போட்டு, வாய் கீழே பார்க்க மாட்டுங்கள்.

கொள்முதல் ஆணையில் 2012 பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகளுக்கு உட்பட்ட பாடி என்று எழுதுங்கள்: மஞ்சள் நிறம், தாழ்ந்த முதல் படி, அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. முன்னும் பின்னும் கேமராவையும் சேருங்கள். கம்பெனி ஊழியர்களை ஏற்றுகிற மாடல் பஸ்ஸை மஞ்சளடித்துக் கொடுத்தால் மே மாத ஆய்வில் திரும்பிவிடும். சில மாடலில் பேட்டரி பின்னால் இருக்கும். அவசர வழியை அது மறிக்கிறதா என்று நேரில் திறந்து பாருங்கள்.

கோடை விடுமுறைக்குப் பெரிய பேட்டரியை 50 சதவீதத்தில் விட்டு, 24 வோல்ட் துணை பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். துணை பேட்டரி இறங்கிவிட்டால் கான்டாக்டர் (பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச்) சேராது, சார்ஜர் சொருகினாலும் வண்டி எழாது.