மழையில் ஸ்டீயரிங் திடீரென லேசாகிப்போனது: என் தவறு எது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மாலையில், நல்ல மழையில், அகலமான நெடுஞ்சாலை ஒன்றில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். சற்றுத் தாழ்வான இடத்தில் தேங்கியிருந்த நீரில் சக்கரம் ஏறியதும் ஸ்டீயரிங் லேசாகி, கையில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் போய்விட்டது. பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே பிரேக்கையும் அழுத்தி மிதித்தேன். வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. ஓரிரு நொடிகளில் டயர் மறுபடி சாலையைப் பிடித்தபோது, வண்டி வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், தடுப்புச் சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. பின் இருக்கையில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிதான். டயர் மாற்றியும் மூன்று ஆண்டுகளே ஆகின்றன. அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (ஓட்டுநர் பயிற்சி அளிப்பவர்)

யாருக்கும் அடிபடவில்லை என்பதே பெரிய ஆறுதல், ஐயா. உங்கள் வண்டி அந்த ஓரிரு நொடிகள் தண்ணீரின் மேல் மிதந்திருக்கிறது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்திலுள்ள நீரை டயரின் பள்ளங்கள் வாங்கி வெளியேற்றினால்தான் ரப்பர் தரையைத் தொடும். வேகம் கூடும்போது நீர் விலகுவதற்கு நேரம் போதாமல், டயருக்கு முன்னால் ஆப்புப்போல் நுழைந்து டயரையே தூக்கிவிடுகிறது. தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்ய வழியில்லை. ஏபிஎஸ் இருக்கும் பிடிப்பைக் காப்பாற்றுமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்திருந்ததால்தான், பிடிப்புத் திரும்பிய கணத்தில் வண்டி அந்தப் பக்கமே பாய்ந்தது.

செய்ய வேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை வண்டி போகும் திசையிலேயே நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் பொறுத்திருக்க வேண்டும். சொல்வது எளிது, அந்த நொடியில் செய்வது கடினம் என்பதை நான் அறிவேன். ஆகவே அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு: டயரின் பள்ளங்களை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் நிற்கும்போது, எந்த வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. அதன்படி அழுத்தம் 32 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டரிலும், 24 ஆக இறங்கினால் ஏறத்தாழ 82 கிலோமீட்டரிலும் மிதக்கும். கார் டயருக்கு இது தோராயமான கணக்குதான். ஆனாலும் உங்கள் வேகத்தை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழையில் குரூஸ் கன்ட்ரோலை (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதியை) அணைத்துவிடுவதும் அவசியம்.

பதில் 2 (டயர் வேலை செய்பவர்)

டயரின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டன், அதாவது சாலையைத் தொடும் பக்கத்தில் பள்ளங்களுக்கு இடையே உள்ள ரப்பர், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதித்தாலும், மழைச் சாலைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது என்பதே என் கருத்து. முக்கியமாக, வெளியிலிருந்து பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லாத வண்டியில் டயரின் உள் விளிம்பு மட்டும் மொட்டையாகிவிடும். வெளிப்பக்கம் புதிதுபோலவே தெரியும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வைத்துவிட்டு, வண்டியை அணைத்தபின், உள் விளிம்பில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டியே சுற்றிவிடும், அதை மீட்பது முன்சக்கரம் நழுவுவதைவிடக் கடினம்.

பதில் 3 (நெடுந்தூர லாரி ஓட்டுநர்)

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன்னே போகும் வண்டியின் சக்கரம் நீரை ஒதுக்கிச் சென்ற தடத்தில் உங்கள் சக்கரத்தை வைத்து ஓட்டுங்கள். ஆனால் ஒட்டிப் போகாதீர்கள். அந்த வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடைய நான்கு நொடிகளாவது ஆக வேண்டும். தடத்தில் ஈரம் மட்டும் மின்னினால் ஓரளவு நம்பலாம். தடம் உடனே நீரால் மூடிக்கொண்டால் சாலையில் நீர் நிற்கிறது என்று பொருள், அப்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடும் பழக்கம் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வரும் எங்களுக்குத் தெரியாமல் போகிறது. முகப்பு விளக்கைத் தாழ்த்தி (லோ பீம்) எரியவிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை வண்டியை எடுக்கும் முன்பே பார்த்துவிட்டேன். முன்பக்க டயர்கள் இரண்டிலும் உள் விளிம்பு வழவழவென்று இருக்கிறது. காற்று 25 பிஎஸ்ஐ மட்டுமே. அன்று நான் ஓட்டிய வேகத்தோடு சேர்த்துப் பார்க்கையில் நடந்ததற்குக் காரணம் விளங்குகிறது. அலைன்மென்ட் பார்த்து டயர் மாற்றும்வரை மழையில் எடுக்கப்போவதில்லை. காற்றை எவ்வளவு வைப்பது? டயரின் பக்கச்சுவரில் 51 என்று அச்சிட்டிருக்கிறது.

பதில் 1 (ஓட்டுநர் பயிற்சி அளிப்பவர்)

அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, ஐயா, அதை வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும், இல்லாவிட்டால் வண்டியுடன் வந்த கையேட்டில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால், இன்று செய்ததுபோலவே காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள்.