தளபதிக்குக் காசா, நிலமா?

உச்சிப்புளியான்:
நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து டர்ன் முறையில், அதாவது ஆளுக்கொரு முறை மாறி மாறி ஆடும் வியூகக் கணினி விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். களம் சேதுபதிகள் ஆண்ட நம்ம ராமநாதபுரம் சேதுச் சீமை, 1670 முதல் 1800 வரை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வரைபடம் முடிந்துவிட்டது. இடிப்பது படைச் செலவுதான். இப்போதைக்கு நூறு வேல்காரர்களுக்கு டர்னுக்கு 4 பொன், தளபதிக்குத் திறனைப் பார்த்து 5 முதல் 12 பொன். ஆடிப் பார்த்த எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முத்துக்குளிப்பில் காசு வந்ததும் 12 பொன் தளபதியை எடுக்கிறார்கள், சண்டை முடிந்த மறு டர்னே அனுப்பிவிடுகிறார்கள். வாடகைச் சைக்கிள் மாதிரி. இதை எப்படிச் சரிசெய்வது?

கீழக்கரைச் சங்கு:
தளபதிக்குக் காசு வைத்ததுதான் தப்பு. அந்தக் காலத்தில் அவருக்கு ஜீவிதமாக, அதாவது சம்பளத்துக்குப் பதிலாக, நிலத்தை விட்டார்கள். அந்த வருமானத்தில் ஆள் வைத்துக்கொண்டு, கூப்பிட்டபோது படையோடு வரவேண்டும். நாயக்கர்களின் பாளைய ஏற்பாடும் இந்த அச்சுதான்: வசூலில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு.

அதனால் ஒரு தளபதியை எடுத்தால் ஓர் ஊர் உங்கள் வருமானத்திலிருந்து போகட்டும். திருப்பிப் பிடுங்கினால் கலகம். இதற்கு, மதுரை நாயக்கர்களுக்குக் கீழ் இருந்த சேதுபதிகளே சாட்சி. மைசூர்ப் படையோடு நடந்த மூக்கறுப்புப் போரில் திருமலை நாயக்கருக்காகப் படை நடத்தினார் ரகுநாத சேதுபதி. அவருக்குப் பின் வந்த கிழவன் சேதுபதியோ 1702-ல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படையையே முறியடித்தார். அப்புறம் ராமநாதபுரத்துக்கும் அதே கதைதான். 1730 வாக்கில் சீமையை ஐந்தாகப் பிரித்து, இரண்டு பங்கு சிவகங்கையாகப் போனது. ஆளை நிலத்தில் ஊன்றினால் அவன் வேர் விடுவான். உங்கள் விளையாட்டில் அந்த வேர் தெரியவேண்டும்.

பாம்பன் காற்று:
அண்ணே, ஒத்துக்கொள்ள முடியவில்லை. சேதுபதிகளை மதுரைதான் வளர்த்தது என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அவர்களுக்குச் சொந்த ஆள்பலம் இருந்தது.

விளையாட்டுக்கு வருவோம். ஆடுபவருக்குச் செலவு கண்ணில் படவேண்டும். வார்கிராஃப்ட் 3 ஃப்ரோசன் த்ரோன் என்ற கணினி விளையாட்டில் படையின் அளவைக் காட்டும் உணவுக் கணக்கு 50 வரை தங்கம் முழுசாக வரும், 51-லிருந்து 80 வரை 70 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். சின்னப் பையனுக்கும் புரியும். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற இன்னொரு விளையாட்டில் ஒரு தளபதியை எடுக்க ராணுவப் புள்ளி 50. வரம்பைத் தாண்டி வைத்திருந்தால் மாதாமாதம் புள்ளி கரையும். எல்லாம் வெளிப்படை. போன மாதம் நிலம் கொடுக்கும் முறையில் நானே ஒரு மாதிரி செய்து என் தம்பியிடம் ஆடக் கொடுத்தேன். 15-வது டர்னில் கலகம் வந்ததும், "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று போனை வைத்துவிட்டான். என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை.

வாடகைச் சைக்கிளுக்கு வழி முன்பணம். எங்கள் விசைப்படகில் நல்ல டிரைவரை முன்பணம் கொடுத்துத்தான் பிடித்து வைக்கிறோம். அடுத்த படகுக்காரர் அவரை இழுக்க வேண்டுமானால் அந்தப் பணத்தைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். அதே மாதிரி தளபதிக்கு 40 பொன் முன்பணம் வையுங்கள். அனுப்பினால் திரும்ப வராது.

இன்னொன்று, சும்மா நிற்கும் படைக்கும் செலவு உண்டு. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடைத்து, பெயின்ட் அடிக்கிறோம். மீன் ஒரு கிலோ வராத மாதங்களில்தான் கையிலிருந்து காசு போகும். அதைச் செய்யாமல் விட்டால் முதல் நாள் கடலிலேயே தண்ணீர் ஏறும். படைக்கும் இதை வையுங்கள்: சண்டையில்லாத காலத்தில் பாதிச் செலவு போதும், ஆனால் மறுபடி முழு வலுவுக்கு வர மூன்று டர்ன் ஆகட்டும்.

திருப்புல்லாணி டீச்சர்:
இரண்டு பேரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் தை மாசம் ஆயிரம் பேரை நிறுத்தலாம். ஆனி, ஆடியில் அதே ஊர் ஊருணி முந்நூறு பேருக்குத் தாங்காது. பொன் இருந்தாலும் படை கரையவேண்டும்.

அப்புறம் தம்பி, 1670 வரைபடத்தில் சீமைக்கருவேலங்காடு போட்டிருக்கிறீர்களாமே? அந்த மரம் 19-ம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கே வந்தது. பனையும் உடைமரமும் போடுங்கள்.

கீழக்கரைச் சங்கு:
பாம்பன் தம்பி, செலவை மறைக்கச் சொல்லவில்லை. கொடுத்த ஊரில் அந்தத் தளபதியின் கொடியை நட்டு, அவர் பலம் உங்கள் பலத்தில் எத்தனை பங்கு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பாதியைத் தாண்டினால் கொடி சிவக்கட்டும். உங்கள் தம்பிக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும்.

முன்பணத்தில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. டிரைவர் போனால் கணக்கு அதோடு முடிந்தது. நிலம் வாங்கிய தளபதி செத்தால் நிலம் மகனுக்குப் போகும், அப்பன் திறமை கூடவே போகாது. தாக்குதல் திறன் 5 இருந்த தளபதியின் இடத்தில் 1 உள்ள மகன் உட்கார்ந்திருப்பான், ஊர் மட்டும் திரும்பி வராது. இந்த நெருக்கடியைக் காசால் உண்டாக்க முடியுமா?

பாம்பன் காற்று:
மகன் விஷயம் நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 80-வது டர்னில் வரைபடம் முழுக்க உதவாத மகன்களாக நிறைந்துவிடும். வாரிசு இல்லாமல் செத்தால் ஊர் திரும்ப வரட்டும், பெண் கொடுத்து ஒட்டவைக்கவும் வழி வையுங்கள். சாதாரண வேல்காரனுக்கு மட்டும் காசுதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உச்சிப்புளியான்:
வேல்காரனுக்குக் காசு, தளபதிக்கு நிலம், சிவக்கும் கொடி, மாசத்துக்கு மாசம் மாறும் ஊருணி அளவு. சனிக்கிழமை ராத்திரிக்குள் மாற்றி ஏற்றிவிடுகிறேன். முன்பணத்தைத் தனியாக இன்னொரு பதிப்பில் வைக்கிறேன், இரண்டையும் ஆடிப் பாருங்கள். கருவேலத்தை இப்போதே எடுத்துவிட்டேன் டீச்சர்.

பாம்பன் காற்று:
ஞாயிற்றுக்கிழமை படகு கரையில்தான். தம்பியையே உட்காரவைக்கிறேன். நிலப் பதிப்பில் அவன் 15-வது டர்னைத் தாண்டிவிட்டால், கீழக்கரை அண்ணன் சொன்னதுதான் சரி என்று இங்கேயே எழுதுகிறேன்.