பொருள்: ‘அனகிராம்’ – கலைமாற்று எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் புதிதாக நுழைந்தவர்களுக்கு முன்கதை. ஜூலை 31 மந்திரப் பள்ளிக் கதைகளின் நாயகன் ஹாரி பாட்டரின் பிறந்தநாள். அவனைப் படைத்த ரௌலிங்குக்கும் அதே நாள்தான். அதையொட்டி இங்கே மதுரைத் திருநகரில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா வைக்கிறோம். கேள்விகள் முழுக்கத் தமிழில். பல கேள்விகளுக்குத் தமிழ் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குப் போகும் ரயில் நிற்கும் நடைமேடைக்கு எண் ‘ஒன்பதே முக்கால்’. மந்திரவாதிகளின் நாணயக் கணக்கில் ஒரு கேலியனுக்கு 17 சிக்கிள், ஒரு சிக்கிளுக்கு 29 நட், அப்படியானால் ஒரு கேலியனுக்கு எத்தனை நட் என்று கேட்டால், அணா பைசாக் கணக்கில் வளர்ந்த தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளை முந்திக்கொண்டு 493 என்பார்கள்.

தகராறு டாம் ரிடிலிடம் வந்தது. ஹாரியின் பரம எதிரி வோல்டமார்ட்டின் இயற்பெயர் அது. 1998இல் வந்த இரண்டாம் புத்தகம். ஹாரியின் மந்திரக்கோலையே வாங்கி, ‘டாம் மார்வோலோ ரிடில்’ என்று தன் பெயரைக் காற்றில் எழுதுகிறான். கோலை ஒரு வீசு வீசியதும் அந்த 16 ஆங்கில எழுத்துகளும் இடம் மாறி, ஆங்கிலத்தில் ‘நான் லார்ட் வோல்டமார்ட்’ என்று நிற்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு அனகிராம் என்று பெயர். தமிழில் என்ன சொல்வது? இதுதான் கேள்வி. வந்த பதில்களை எடுத்துக்கொள்கிறேன்.

> அனகிராம் என்றே இருக்கட்டுமே. பஸ், பேங்க் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் என்ன பாவம் செய்தது?

பாவம் ஒன்றும் செய்யவில்லை அண்ணே. ஆனால் ‘கிராம்’ காதில் விழுந்ததும் பிள்ளைகள் தராசைத் தேடுகிறார்கள். ஒத்திகையில் ஒரு பையன் “எத்தனை கிராம் சார்?” என்றே கேட்டுவிட்டான். பஸ் கண்ணெதிரே வந்து நிற்கும். பெயர் எதுவானாலும் ஏறிவிடலாம். இங்கே பெயரே பாதி விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

> எழுத்து இடமாற்றம்.

புரிகிற சொல்தான். அரசு வேலையில் இருப்பவர்களுக்குக் கேட்டதும் வயிறு கலக்கும், அது வேறு விஷயம். என் தடை இலக்கணம் சார்ந்தது. விசிறி–சிவிறி, தசை–சதை என்று பள்ளியில் இலக்கணப்போலி படித்தோமே, அங்கேயும் எழுத்துகள் இடம் மாறத்தான் செய்கின்றன. பொருள் மட்டும் மாறுவதில்லை. நமக்கு வேண்டியது எழுத்து அப்படியே இருந்து பொருள் மாறுவது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் தமிழாசிரியர்கள் நம்மைச் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது.

> புரட்டுச்சொல், சொற்புதிர்.

புரட்டு என்றால் பொய் பித்தலாட்டம். வோல்டமார்ட்டுக்குப் பொருந்தும், மற்றவர்களுக்கு? சொற்புதிர் எல்லா விளையாட்டுக்கும் பொது. ‘ரிடில்’ என்பதற்கே புதிர் என்றுதான் பொருள் என்பதால் கேள்வியிலேயே குழப்பம் வரும்.

என் பரிந்துரை: கலைமாற்று.

சீட்டைக் கலைக்கிறோம் இல்லையா, அந்தக் கலை. கலைத்த மாற்று, கலைக்கிற மாற்று, கலைக்கும் மாற்று என விரியும் வினைத்தொகை. இன்னொரு வசதி, இதற்கு அக்கா முறையில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: மாலைமாற்று. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் பாட்டு. ‘யாமாமாநீ யாமாமா’ என்று தொடங்கிச் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், எழுத்தை வைத்து விளையாடும் சித்திரகவிகளில் மாலைமாற்றைச் சொல்கிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனம், குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகம், ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுள் எல்லாம் அங்கே உண்டு. நினைத்தபடி கலைத்துப்போடுவதற்குத்தான் அந்த வரிசையில் இடமில்லை. இருக்கிற குடும்பத்தில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதில் சங்கடம் இருக்காது.

கலை என்றதும் நாட்டியம், ஓவியம் நினைவுக்கு வருகிறதே என்று கேட்பீர்கள். வரும்தான். கலைச்சொல் என்ற சொல்லையே கலைத்துப்போட்ட சொல் என்றும் படிக்கலாம்; அந்தப் பெயர் ஏற்கெனவே துறைச்சொற்களுக்குப் போய்விட்டது, இல்லாவிட்டால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எடுத்துக்காட்டுகள்: நகரம்–நரகம், தவம்–வதம், கதவு–தகவு, கவிதை–விதைக. நம்மூர்ச் சரக்கும் ஒன்று உண்டு. குண்டோதரனின் தாகம் தீரச் சொக்கநாதர் ‘வை கை’ என்றார், ஆறு வந்தது என்கிறோமே, அந்த வைகையைக் கலைத்தால் ‘கைவை’. இதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிட்டால் ரிடிலை விளக்கவே வேண்டாம்.

இனி கணினி நிரல் எழுதும் நிரலர்கள் காது கொடுக்க வேண்டிய இடம். கலைமாற்றில் எதைக் கலைக்கிறோம்? இந்த விளையாட்டுக்கு ‘வு’ ஓர் எழுத்து. கணினிக்கோ அது இரண்டு குறியீடு: வகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘கதவு’ என்பதைக் குறியீடு குறியீடாகத் திருப்பினால், உகரக் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்குகிறது. ஆகவே கலைமாற்றுக்கு நிரல் எழுதுபவர்கள் முதலில் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் கலைக்க வேண்டும். வரையறையிலேயே இதைச் சேர்க்கச் சொல்கிறேன்: ‘ஒரு சொல்லின் அல்லது தொடரின் எழுத்துகளை, கூட்டாமல் குறைக்காமல், வரிசை மாற்றி அடுக்கி வேறு பொருள் தரும் சொல்லோ தொடரோ ஆக்குவது.’

> சரி, மார்வோலோவைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? கேள்வியையே எடுத்துவிடலாமே.

எடுக்க வேண்டாம் அக்கா. நினைவில் நிற்கிற வரிகள் எந்த மொழிக்கும் போய்விடும். நாம் யார் என்பதைத் திறமையைவிட நாம் தேர்ந்தெடுப்பவைதாம் காட்டுகின்றன என்று அதே இரண்டாம் புத்தகத்தில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சொல்வது தமிழிலும் நன்றாகவே நிற்கிறது. எழுத்து விளையாட்டு அப்படிப் போகாது. அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் ஆளின் பெயரையே மாற்றினார்கள். பிரெஞ்சில் அவன் டாம் எல்விஸ் ஜெடுசோர். கலைத்தால் ‘நான் வோல்டமார்ட்’ என்று பிரெஞ்சில் வருகிறது. ஸ்பானியத்தில் நடுப்பெயர் சொர்வோலோ. டேனிய மொழியில் டாமே இல்லை, ரோமியோ ஜி. டெட்லெவ் ஜூனியர்! அவ்வளவு பெரிய வில்லனுக்கு எல்விஸ், ரோமியோ. இதையே ஒரு கேள்வியாக வைத்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தமிழில் முழு வாக்கியத்துக்கு இதைச் செய்வது கடினம். புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தனி உயிர் பொதுவாக நடுவில் வராது. முதல் புத்தகத்தில் வரும் எரிசெட் என்ற மந்திரக் கண்ணாடியையே பாருங்கள். ‘டிசையர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப்போட்ட பெயர் அது. ஆசை என்று பொருள். நம் ஆசையைத் திருப்பினால் ‘சைஆ’ என்று வாய் கோணுகிறது. திருப்பிப் படித்தால் வேறாகிவிடுவதால் எரிசெட் மாலைமாற்றும் ஆகாது, கலைமாற்றில் ஒரு வகை என்றே குறிக்கலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ‘கதி’யை எழுத்தளவில் கலைத்தால் ‘திக’, அதற்குப் பொருளில்லை. க், அ, த், இ என்று ஒலியாகப் பிரித்துக் கலைத்தால் ‘தகி’ கிடைக்கிறது. இதையும் கலைமாற்று என்று ஒப்புக்கொள்வதா, ஒலிக்கலைமாற்று என்று தனியாகப் பிரிப்பதா? நான் பிரிக்கும் பக்கம். விளையாட்டில் நடுவராக உட்காருபவர் எந்த விதி என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் சண்டை நிச்சயம். தொல்காப்பியம் படித்தவர்களும் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிப்பது) வேலையில் இருப்பவர்களும் இதற்குப் பதில் எழுதுங்கள். கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன் முடிவு தெரிந்தால் நல்லது.