புதுப்பிப்பு: இங்க் டேங்க் பிரிண்டரில் நாசில் அடைப்பு

ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை மட்டும் ஓடும் வீட்டு பிரிண்டரில் மஞ்சள் மை விட்டுவிட்டு விழுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சும்மா கிடந்தால் மை காய்ந்து நாசிலை, அதாவது மை தெளிக்கும் நுண்துளையை, அடைத்துவிடுகிறது. ராஸ்ப்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை இணைத்து, அவ்வப்போது தானாகவே ஒரு சோதனைப் பக்கம் அச்சடிக்க வைக்கலாம் என்பது திட்டம். செய்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது.

கப்ஸ் (அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்) பதிவேட்டில் கடைசியாக எப்போது அச்சடித்தது என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். ஒரு வாரமாகச் சும்மா இருந்தால் மட்டும் நான்கு நிறங்களிலும் ஒரு பக்கம் போகும். ஈரப்பத சென்சார் அறைக் காற்று வறண்டிருப்பதாகச் சொன்னால் அந்த இடைவெளி குறையும். ஏசி ஓடும் அறைக்கு இது அவசியம்.

அந்தச் சோதனைப் பக்கத்தில் முழுதாக நிரப்பிய பட்டைகளை மட்டும் வைக்காதீர்கள். ஒரு நாசில் செத்தாலும் பக்கத்து நாசிலின் மை பரவி இடைவெளியை மறைத்துவிடும். படிக்கட்டு போல இறங்கும் மெல்லிய கோடுகள் வேண்டும். மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சிக்காது, நீல வெளிச்சத்தில் பாருங்கள், கருப்பாகத் தெரியும்.

ஹெட் கிளீனிங்கையும் (நாசில்கள் உள்ள அச்சுத் தலையைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) தானியங்கியாக்கலாமே என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது பம்ப் வைத்து மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். கோடு விடுபட்டால் மட்டும், அதுவும் நீங்களே கட்டளை கொடுத்துச் செய்யுங்கள்.

ஹெச்பி டிசைன்ஜெட் போன்ற பெரிய பிரிண்டர்களில் துளி விழுகிறதா என்று ஒளிக்கற்றையை வைத்தே பார்த்துவிடுகிறார்கள். வீட்டு மாடல்களுக்கும் அது பரவலாக வர வேண்டும்.

அப்புறம், சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். பிரிண்டரின் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் சரியாகப் போய் உட்காரும்.