சீல் கிழிந்தால் திருப்பி வாங்க மாட்டீர்களா?

தராசு:
இணையத்தில் விற்பவர்களுக்கு நேற்று இன்னொரு விவாதத்தில் கறார் அண்ணன் அருளியது இது: "பெட்டியில் ஒட்டிய சீல் ஸ்டிக்கர் கிழிந்து வந்தால் திருப்பி வாங்காதீர்கள். தொல்லை பிடித்தவர்கள் தானாக ஒழிவார்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பெட்டிக்குள் ஹெட்போன் இருக்கிறதா செங்கல் இருக்கிறதா என்று வாங்கியவர் எப்படிப் பார்ப்பார்? மோந்து பார்ப்பாரா?

கறார்:
என்னை இழுத்ததால் வந்தேன். ஆறு வருடமாக விற்கிறேன். ஒருவர் "பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினார். பெட்டி என்னுடையது, உள்ளே இருந்தது அவருடைய பழைய ஹெட்போன். சீரியல் எண்ணே வேறு. விற்பனைத் தளத்தில் முறையிட்டால் ஆதாரம் கேட்கிறார்கள். அன்றைக்கு ஒட்ட ஆரம்பித்ததுதான் இந்த ஸ்டிக்கர். பட்டவனுக்குத் தெரியும்.

தராசு:
பட்டீர்கள், சரி. ஆனால் ஸ்டிக்கர் அதை எப்படித் தடுத்திருக்கும்? பொருளை மாற்றுகிறவன் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுத்தான் மாற்றுவான். அதைக் காட்டி நேர்மையானவரையும் சேர்த்து விரட்டுகிறீர்கள். சீரியல் எண் தெரிகிற மாதிரி, பெட்டியை மூடி முகவரிச் சீட்டு ஒட்டும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அனுப்பிய எடையையும் திரும்பி வந்த எடையையும் குறித்து வையுங்கள். அதுதான் ஆதாரம்.

அப்புறம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். மெத்தை வாங்கிய ஒருவர் அதன் பாதுகாப்பு உறையைப் பிரித்த பிறகு வேண்டாம் என்றார். கடைக்காரர் சுகாதாரத்தைக் காட்டி மறுத்தார். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், உறையைப் பிரித்ததால் உரிமை போகாது, போட்டுப் பார்த்த உடையைப் போல மெத்தையையும் சுத்தம் செய்து மறுபடி விற்கலாம் என்று சொல்லிவிட்டது. மெத்தைக்கே அப்படி!

கறார்:
நான் மெத்தை விற்கவில்லை.

நூல்கண்டு:
காதுக்குள் செருகுவதா, காதின் மேல் வைப்பதா? இரண்டும் ஒன்றில்லையே. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்களேன்.

தராசு:
மெத்தையில் ஆளே படுக்கிறார். ஹெட்போன் காதைத் தொட்டால் தீட்டா?

கறார்:
மறுபடியும் மெத்தை! அந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்குகிறவருக்கு மட்டும். வீட்டில் கிடப்பதை விற்கும் தனி ஆளுக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறிக் கையாண்டு மதிப்பைக் குறைத்தால் வாங்கியவரே பொறுப்பு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதோ?

தராசு:
காலையில் ஆறு வருட வியாபாரி, மதியம் வீட்டில் கிடப்பதை விற்கும் தனி ஆளா? நல்ல முன்னேற்றம். ஸ்டிக்கரைக் கிழிப்பது அளவுக்கு மீறிய கையாளலா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

சும்மாஒருவன்:
ஈபே என்ற விற்பனைத் தளத்தில் விற்கிறவர் வாங்குகிறவருக்கு எதிர்மறை மதிப்பீடு போட முடியாது என்று 2008ல் மாற்றினார்களே, அன்று ஆரம்பித்தது வாங்குகிறவர்களின் இந்த ஆட்டம்.

தராசு:
அதற்கு முன்னால் என்ன நடந்தது? குறை எழுதியவருக்குப் பதிலடியாக விற்றவரும் மோசமாக எழுதினார். அந்தப் பயத்தில் பலர் வாயே திறக்கவில்லை. பழிவாங்கத்தான் பயன்பட்டது.

கறார்:
பழிவாங்குவதைப் பற்றி யார் பேசுவது! போன வருடம் என்னிடம் கீபோர்டு வாங்கி ஒற்றை நட்சத்திரம் போட்டவர் நீங்கள்தானே? காரணம், பெட்டி நசுங்கியிருந்ததாம். நசுக்கியது கூரியர், நட்சத்திரம் எனக்கு.

தராசு:
ஓ, அந்தக் கோபமா! பொருளைச் சுற்றி ஒரு சுற்று பபிள் ராப், அதுவும் ஏற்கெனவே வெடித்தது. அதையும் கூரியர்காரரா சுற்றினார்?

கறார்:
இரண்டு சுற்று.

தராசு:
ஒரு சுற்று. படம் இருக்கிறது.

நூல்கண்டு:
எனக்கு நிஜமாகவே ஒரு சிக்கல். வாங்கியவர் "பாதிப் பணம் கொடுங்கள், பொருளை நானே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் மதிப்பீட்டில் பார்த்துக்கொள்வேன்" என்கிறார். என்ன குறை, படம் அனுப்புங்கள் என்றால் அனுப்பவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

சும்மாஒருவன்:
தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பேசுங்கள், வாட்ஸாப்பில் வேண்டாம். முழுதாகத் திருப்பி அனுப்பினால் முழுப் பணம், அவ்வளவுதான் என்று எழுதுங்கள். மிரட்டல் எழுத்தில் இருந்தால் மதிப்பீட்டை நீக்கச் சொல்லித் தளத்திடம் கேட்கலாம்.

கறார்:
ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்களா?

நூல்கண்டு:
நான் விற்றது புடவை.

தராசு:
பார்த்தீர்களா, புடவைக்கும் ஸ்டிக்கர்! சகோதரி, உங்கள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். கறார் அவர்களே, கிழிக்காமல் எப்படிப் பார்ப்பது?

கறார்:
மேலே சொல்லிவிட்டேன். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

தராசு:
மூன்று தடவை படித்தேன். அதில் பதில் இல்லை, கீபோர்டுதான் இருக்கிறது.

கறார்:
இரண்டு சுற்று.