போர்முனையில் அடிபட்ட சரக்கு விமானம்: இரண்டு நாளில் எப்படிப் பறந்தது?

ஆந்தைக்கண்:
வியட்நாம் போரில், 1968 கே சான் தள முற்றுகையில் குண்டடிபட்ட ஒரு சி-130 சரக்கு விமானத்தை ஓடுபாதை ஓரத்திலேயே இரண்டு நாள் பழுதுபார்த்து, டா நாங்குக்குப் பறந்து போயிருக்கிறார்கள். அங்கே எண்ணியபோது 242 ஓட்டைகளாம். கொட்டகை கூட இல்லாத இடத்தில் இத்தனையையும் எப்படி அடைத்தார்கள்?

பழையரிவெட்:
அடைத்திருக்க மாட்டார்கள் தம்பி. பாதிக்கு மேல் அப்படியே விட்டிருப்பார்கள்.

நான் இருபது வருஷம் விமானத் தகட்டு வேலை பார்த்தவன். இந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை ரிவெட் அடிப்பதில்லை, பார்ப்பதுதான். குண்டுச் சில்லு உள்ளே போன ஓட்டைக்கும் வெளியே வந்த ஓட்டைக்கும் நடுவே ஒரு கம்பியைக் கோத்துப் பார்ப்போம். வெளித்தகட்டில் விரல் நுனி அளவு ஓட்டைதான் தெரியும். கம்பி போகும் வழியில் விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோல் கேபிளோ, எண்ணெய் அழுத்தம் போகும் ஹைட்ராலிக் குழாயோ இருந்தால்தான் வயிறு கலங்கும்.

உடம்பில் ஓட்டையா? கேபினுக்குக் காற்றழுத்தம் கொடுக்காமல் தாழப் பறந்தால் போதும். இறக்கை அப்படியில்லை. சி-130-க்கு இறக்கையின் உள்பக்கமேதான் எரிபொருள் தொட்டி, ஓட்டை விழுந்தால் ஒழுகும். இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பு மாதிரியான ஸ்பாரில் அடி என்றால் யோசிக்கவே வேண்டாம், அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. தகட்டில் விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டு, மேலே பேட்ச்.

ஒருமுறை எங்கள் வேலையில் அளவெடுக்கும் அவசரத்தில் ஒரு பையன் அலுமினியத்தில் பென்சிலால் கோடு போட்டான். கத்திவிட்டேன். பென்சில் முனையின் கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும். ஒரே ஒரு தடவை பறக்கப்போகிற விமானத்துக்கு அது பெரிய விஷயமே இல்லைதான். பழக்கம், என்ன செய்வது.

பக்கக்காற்று:
1941-இல் சீனாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜப்பானியக் குண்டுவீச்சில் ஒரு டிசி-3 பயணிகள் விமானத்தின் வலது இறக்கை போய்விட்டது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய சின்ன வகையான டிசி-2-இன் இறக்கையை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு பக்கம் ஐந்தடி குட்டை! அப்படியே ஹாங்காங் வரை பறந்தது. அதற்கு டிசி-இரண்டரை என்றே பேர்.

ஆந்தைக்கண்:
அடேயப்பா! சரி, எஞ்சின் ஸ்டார்ட்டர் போயிருந்தால்?

பழையரிவெட்:
இன்னொரு சி-130-ஐ முன்னால் நிறுத்தி, அதன் புரொப்பெல்லர் காற்றில் இதன் புரொப்பெல்லரைச் சுழல வைத்து எஞ்சினைக் கிளப்புவார்கள். பக்கத்தில் வேறு விமானம் இல்லையென்றால் மற்ற மூன்று எஞ்சினை வைத்து ஓடுபாதையில் வேகமாக ஓட்டினால், எதிர்காற்றே ஸ்டார்ட்டர் போன எஞ்சினைச் சுழற்றிவிடும். அப்புறம் பிரேக் போட்டு நிறுத்தி, திரும்பி வந்து, நான்கு எஞ்சினோடு ஏற வேண்டும். கே சான் மாதிரி இடத்தில் ஓடுபாதையில் இரண்டு தடவை ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.