குழந்தைகளுக்குத் துணை நிற்பவர்களுக்கு விழா: யார் யாரைக் கூப்பிடலாமுங்க?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. எங்கள் ஊரில் 18 பேர் சேர்ந்து ஒரு சிறு குழு நடத்துகிறோம். ரத்த தானம், மரக்கன்று, பத்தாவதில் முதலாவதாக வந்த பிள்ளைக்குச் சைக்கிள், இப்படித்தான் இதுவரை ஓடியது. இந்த நவம்பர் 14க்கு, கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு உதவுகிறவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மண்டபம் பேசியாச்சு, 150 பேருக்குச் சாப்பாடு, கையில் 40,000 ரூபாய். யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் நிற்கிறது. இன்ஸ்பெக்டர், டாக்டர், அதற்கு மேல் எங்களுக்கு யாரையும் தெரியாது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளையின் விஷயத்தைத் தைரியமாக வெளியே கொண்டுவந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் முதலில் மேடையேற்றுவதாக இருக்கிறோம். அந்தக் குடும்பத்தையும் வரவழைத்து ஒரு தொகை கொடுக்கலாமா? யோசனை சொல்லுங்க.

பனியன் கம்பெனி:
நல்ல காரியம். பொன்னாடை மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவுக்குப் போட்டது 20 கிடக்கிறது, துடைக்கக்கூட ஆகவில்லை. சென்னிமலைப் போர்வை எடுங்கள், மார்கழிக்காவது ஆகும்.

நொய்யல்கரை அக்கா:
தம்பி, அந்த டீச்சரை மேடையேற்றாதீர்கள். அவர் பேரைச் சொன்ன மறு நிமிஷம் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று பந்தியிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் இருக்கிறதே, அதன் 23ஆம் பிரிவு பேரை மட்டும் சொல்லவில்லை. முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதுவும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. உங்கள் விழாப் படம் முகநூலில் ஏறத்தானே போகிறது?

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இந்தப் பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போய் வருகிறேன். 'சப்போர்ட் பர்சன்' என்பார்கள், குழந்தைகள் நலக் குழு நியமிப்பது. ஆறு வருஷம் முன்பு ஒரு சங்கம் எனக்குச் சால்வை போட்டது. அறிமுகம் செய்தவர் நல்ல மனசோடுதான் பேசினார், ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை. "தறி ஓட்டும் குடும்பம், அப்பா கிடையாது, ஏழாவது படிக்கிற பிள்ளை, அதோடு இந்த அம்மா ஒன்றரை வருஷம் நடந்தார்" என்றார். மூன்றாவது வரிசையில் அந்தப் பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை விஷயமே தெரியாது. சேரைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் சால்வையோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்த மூன்று வாரம் அந்தத் தாய் என் போனை எடுக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள் அல்லவா. வாக்குமூலம் வாங்குகிற போலீஸ் சீருடையில் வரக்கூடாது, கூடியவரை பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த ஒரு எஸ்.ஐ. பழைய சுடிதாரில் வந்தார். திண்ணையில் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை உரித்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. இவரும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். அரை மணி நேரம் ஒரு கேள்வி கிடையாது. அப்புறம் பிள்ளையே, "நீங்க நிஜமா போலீஸுங்களா?" என்றாள். அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது. முடியும்போது முறத்தில் பாதி பருப்பு சேர்ந்திருந்தது.

சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவன் முகம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று 36ஆம் பிரிவு இருக்கிறது. உள்ளே திரை போடுவார்கள். வெளியே வராண்டாவில்? அவன் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், பழைய கட்டுகளை அடுக்கிய அறையில் ஃபேன் போட்டு உட்காரவைத்த அலுவலக உதவியாளர் ஒருவர் உண்டு. என் பையில் தாயக்கட்டை எப்போதும் இருக்கும். அந்த அறையில் ஒரு பிள்ளை என்னை நாலு ஆட்டம் ஜெயித்திருக்கிறாள். அவருக்கு யார் மரியாதை செய்தார்கள்? ராத்திரி பதினொன்றுக்கு வண்டி பிடித்து வரும் பெண் டாக்டர், குழந்தைகள் உதவி எண் 1098இல் வந்த போனை எடுத்துவிட்டு விடிவதற்குள் வீட்டு வாசலில் நிற்கும் பையன்கள், இவர்களும்தான். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள், ஆட்களை அவர்களே சொல்லட்டும். மேடையில் வேலையின் பேரும் எத்தனை வருஷம் என்பதும் போதும். வழக்கைப் பற்றி அரை வார்த்தை வேண்டாம்.

குடும்பத்தைக் கூப்பிடுவது அறவே கூடாது. பண உதவி என்றால் அதையும் அலகில் கேட்டு, சத்தமில்லாமல் செய்யுங்கள்.

பவானி ஜமக்காளம்:
ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போலீஸும் டாக்டரும் சம்பளம் வாங்கித்தானே செய்கிறார்கள்? விஷயம் தெரிந்தால் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று 19ஆம் பிரிவு எல்லோருக்கும்தான் சொல்கிறது. அந்த டீச்சர் கடமையைச் செய்தார், அவ்வளவுதானே?

நொய்யல்கரை அக்கா:
சரிதான், கடலைக்காய் உரிக்கச் சட்டம் சொல்லவில்லையே. டீச்சரைப் பற்றி: சட்டம் எல்லோருக்கும்தான். ஆனால் அப்படிப் புகார் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும், வேறு ஊர். அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தத் தெருவில் யாரும் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை.

கோபிக்காரன்:
அக்கா, நல்லவேளை கேட்டேன். பிளக்ஸ் அடிக்கக் கொடுத்ததை மதியமே நிறுத்தியாச்சு. டீச்சர் படம் அதில் பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை ஈரோடு போய் அலகில் பேசுகிறோம். டீச்சர் வீட்டுக்கு ஞாயிறு சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரியும் மட்டும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி, சென்னிமலைப் போர்வையும் கொஞ்சம் கச்சாயமும் எடுத்துக்கொண்டு போகிறோம். போட்டோ கிடையாது. சமையல்காரரிடம் 60 பேர் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்துக்காரர்தான் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.